பட்டறையில் பிறக்கும் கார்

அலுமினியத் தகட்டின் மேல் குளியல் சோப்பால் ஒரு கோடு இழுக்கப்படுகிறது. அடுத்து கேஸ் டார்ச் பற்றவைக்கப்பட்டு, தகட்டின் அடிப்பக்கமாகச் சுடர் மெதுவாக நகர்கிறது. வெள்ளைக் கோடு முதலில் பழுப்பாகிறது, பிறகு கருக்கிறது. கருத்த அந்த நொடியில் சுடரை விலக்கிவிட வேண்டும். தாமதித்தால் தகடு ஓட்டை விழுந்து ஒழுகிவிடும். இரும்பு சூடேறும்போது சிவந்து எச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் கொடுக்காது. 660 டிகிரி செல்சியஸில் உருகும் அந்த உலோகம், உருகும் தருணம்வரை அதே வெள்ளி நிறத்தில்தான் இருக்கும். அதனால்தான் சோப்பு. அது கருகும்போது தகடு ஏறக்குறைய 350 டிகிரியைத் தொட்டிருக்கும். மரச் சுத்தியலுக்கு வளைந்துகொடுக்கும் பதத்துக்கு வந்திருக்கும்.

தொழிற்சாலையில் ஆயிரம் டன் பிரஸ் சில அமுக்குகளில் செய்து முடிக்கும் மட்கார்டை, வீட்டுக் கொட்டகையில் ஒருவர் இப்படித்தான் வாரக்கணக்கில் செய்கிறார். சுடவைப்பது, அடிப்பது, இறுகியதும் மறுபடி சுடவைப்பது என்று வேலை நீள்கிறது.

எதற்கு இந்தப் பாடு? பணத்தை மிச்சம் பிடிப்பது ஒரு காரணம். கடையில் கிடைக்காத வடிவம் வேண்டும் என்பது இன்னொன்று. இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. ஒரு பாகத்தைத் தன் கையால் செய்தவருக்கு, அது எந்தப் பக்கத்து இழுவையைத் தாங்குகிறது, எந்த மூலையில் விரிசல் விடும் என்பது அத்துப்படியாகிவிடுகிறது. மோட்டார் பந்தய உலகை மாற்றிய பொறியாளர்கள் சிலர் இந்தக் கொட்டகைப் படிப்பில்தான் தொடங்கினார்கள். அதே கைத்திறன் தமிழ்நாட்டில் கோவையிலும் கரூரிலும் குவிந்திருக்கிறது. அதைக் கொண்டு சொந்தமாக ஒரு காரைக் கட்டிச் சாலைக்குக் கொண்டுவரத்தான் வழி இல்லை.

பழைய ஆஸ்டின், புதிய பள்ளிக்கூடம்

1922 முதல் 1939 வரை இங்கிலாந்தில் தயாரான ஆஸ்டின் 7, நடுத்தரக் குடும்பங்களின் குட்டிக் கார். 747 சி.சி. இன்ஜின். ஆங்கில 'ஏ' எழுத்தின் வடிவில் எளிய சேஸிஸ். ஏறத்தாழ 2,90,000 கார்கள் தயாராயின. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயத்தில் அவை அடிமாட்டு விலைக்குக் கிடைத்தன. புதிய கார்கள் பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போயின, பெட்ரோலுக்கு ரேஷன் இருந்தது. வேகத்தில் ஆசை வைத்த இளைஞர்கள் பழைய ஆஸ்டினை வாங்கி, பாடியைக் கழற்றி ஓரம் கட்டிவிட்டு, மீதமிருந்த சேஸிஸின் மேல் தங்கள் கற்பனைக் காரைக் கட்டினார்கள். அப்படிப் பிறந்த கார்களுக்கு 'ஸ்பெஷல்' என்று பெயர்.

காலின் சாப்மன் அந்த இளைஞர்களில் ஒருவர். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் கட்டுமானப் பொறியியல் படித்தவர். 1948இல் காதலி ஹேசல் வில்லியம்ஸின் பெற்றோர் வீட்டுக் கராஜில், வடக்கு லண்டனின் மஸ்வெல் ஹில் பகுதியில், ஆஸ்டின் 7 ஒன்றைப் பிரித்துத் தன் முதல் காரைக் கட்டினார். ஒட்டுப்பலகையின் மேல் அலுமினியம் ஒட்டிய பலகைகளைக் கொண்டு, விமானக் கட்டுமான முறையில், பாடியே பாரத்தைத் தாங்கும்படி வடிவமைத்தார். காரின் மேல்தோல் வெறும் அழகுக்காக இருக்கக் கூடாது, அதுவும் வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய கணக்கு. எடை குறைந்தது, உறுதி கூடியது.

அந்தக் கணக்கு அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்பது வரலாறு. 1952இல் லோட்டஸ் நிறுவனம். 1962இல் லோட்டஸ் 25: தனிச் சட்டம் இல்லாமல் முழு உடலும் ஒரே கூடாகப் பாரம் தாங்கும் மோனோகாக் முறையை ஃபார்முலா ஒன்றில் நிலைநாட்டிய கார். 1963க்கும் 1978க்கும் இடையில் தயாரிப்பாளர்களுக்கான உலக சாம்பியன் பட்டம் ஏழு முறை.

உலகின் மறுகோடியில், நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், தந்தை நடத்திய சர்வீஸ் ஸ்டேஷனில் இன்னொரு ஆஸ்டின் 7 பிரிக்கப்பட்டு மறுபடி பூட்டப்பட்டது. அதை ஓட்டி 1952இல் முதல் போட்டியில் இறங்கிய சிறுவன் புரூஸ் மெக்லாரனுக்கு அப்போது வயது 15. 1963இல் அவர் தன் பெயரிலேயே தொடங்கிய பந்தய அணி இன்றும் ஃபார்முலா ஒன்றில் முன்வரிசையில் நிற்கிறது. அந்தக் குட்டி ஆஸ்டினையும் நிறுவனம் பத்திரமாக வைத்திருக்கிறது.

முக்கோணம் கற்றுத்தரும் கணக்கு

சாப்மன் 1957இல் வெளியிட்ட லோட்டஸ் 7, வீட்டுப் பட்டறைக்காரர்களின் கனவுக் கார். முழுக் காருக்கு இங்கிலாந்தில் கொள்முதல் வரி உண்டு. உதிரிப்பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே ஏராளமானோர் பெட்டியில் வந்த பாகங்களைத் தங்கள் கராஜில் பூட்டினார்கள். 1973இல் இந்தக் காரின் உரிமையை கேட்டர்ஹாம் நிறுவனம் வாங்கியது. அதன் வாரிசுகள் இன்றும் தயாராகின்றன.

அந்தப் பெட்டிகூட வேண்டாம், எல்லாவற்றையும் நாமே செய்துகொள்ளலாம் என்றார் ரான் சாம்பியன். இங்கிலாந்தின் அவுண்டில் பள்ளியில் ஆசிரியராக இருந்த அவர், 250 பவுண்டில்கூட ஸ்போர்ட்ஸ் கார் கட்டலாம் என்று தலைப்பிலேயே அறிவித்து 1996இல் ஒரு கையேடு எழுதினார். லோட்டஸ் 7 பாணிக் கார்தான். துருப்பிடித்துக் கழித்துக்கட்டிய ஃபோர்டு எஸ்கார்ட் ஒன்றிலிருந்து இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் எல்லாம் எடுத்துக்கொள்ளலாம். சட்டத்துக்கு 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய். அந்தக் கையேட்டைப் பார்த்துக் கட்டிய கார்கள் 'லோகாஸ்ட்' என்ற தனி இனமாகவே பெருகின. அவற்றுக்கென்றே பந்தயத் தொடரும் வந்தது.

சட்டம் கட்டும் முறை எளிமையானது, பொறுமையைத்தான் அதிகம் கேட்கும். தட்டையான பெரிய பலகையில் முழு அளவில் படம் வரைய வேண்டும். குழாய்கள் நகராதபடி கோட்டின் இருபுறமும் மரக்கட்டைகளை அறைய வேண்டும். ஹாக்ஸாவால் அறுத்து, முனைகளை அரத்தால் ராவி, இடுக்கில்லாமல் பொருத்த வேண்டும். முதலில் பொட்டுப் பொட்டாக டேக் வெல்டிங் மட்டும். ஒரே மூலையை முழுதாகப் பற்றவைத்துவிட்டால், ஆறும்போது இரும்பு சுருங்கிச் சட்டத்தையே கோணலாக இழுத்துவிடும். எனவே இந்த மூலையில் ஒரு பற்று, எதிர் மூலையில் ஒரு பற்று என்று மாறி மாறிப் போக வேண்டும்.

நான்கு குழாய்களைச் சதுரமாகப் பற்றவைத்து ஒரு மூலையைத் தள்ளிப் பார்த்தால் சதுரம் சாய்ந்துகொடுக்கும். குறுக்கே ஒரு குழாயைச் சேர்த்தால் இரண்டு முக்கோணங்கள் கிடைக்கும். பிறகு அதை அசைக்க முடியாது. ஒவ்வொரு குழாயும் வளையாமல், நீளவாக்கில் இழுபடவோ அமுங்கவோ மட்டும் செய்யும். சாப்மனின் குழாய்ச் சட்டங்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான். பொறியியல் கல்லூரியின் முதலாண்டுப் பாடம். கையால் தள்ளிப் பார்த்தவருக்கு அது மறப்பதில்லை.

சின்ன பிராக்கெட் ஒன்றிலும் இதே படிப்பு இருக்கிறது. சஸ்பென்ஷன் கையைச் சட்டத்தோடு இணைக்கும் துண்டுக்கு முதலில் அட்டையில் மாதிரி வெட்டிப் பார்ப்பார்கள். பிறகு 3 மில்லிமீட்டர் தகட்டில் அதே வடிவம். போல்ட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும் பிராக்கெட்டில் போல்ட் வளையும். இரண்டு பக்கமும் காது வைத்துப் பிடித்தால் அதே போல்ட் பல மடங்கு உறுதியாக நிற்கும். தகட்டை மடக்குகிற இடத்தில் கூர்மையான மூலை விடக் கூடாது. இரண்டு மடிப்புகள் சந்திக்கும் புள்ளியில் முன்கூட்டியே ஒரு துளை போட்டால் விரிசல் தொடங்க இடமிருக்காது. அறுத்த விளிம்பில் பிசிறு விட்டாலும் அதிலிருந்துதான் விரிசல் ஆரம்பிக்கும். அரம் இழுக்கும் அந்தச் சலிப்பான அரைமணி நேரம் அதற்காகத்தான்.

தகடு வளையும் விதம்

பாடி வேலை இன்னும் நுட்பமானது. தட்டையான தகட்டை ஒரு திசையில் வளைப்பது யாருக்கும் கைவரும். இரண்டு திசைகளிலும் ஒரே நேரத்தில் வளைந்த மட்கார்டுக்கு, உலோகம் சில இடங்களில் விரிய வேண்டும், சில இடங்களில் சுருங்க வேண்டும். மணல் நிரப்பிய தோல் பையின் மேல் தகட்டை வைத்து மரச் சுத்தியலால் அடித்தால் நடுப்பகுதி விரிந்து குழியும். ஓரத்தைச் சுருக்க, அங்கே புடவைக் கொசுவம்போல் சிறு மடிப்பு வைத்து, மடிப்பு பிரியாதபடி அதை அடித்து அமுக்க வேண்டும். உலோகம் ஒன்றுக்குள் ஒன்று நெருங்கித் தடிக்கும், ஓரத்தின் நீளம் குறையும்.

சுத்தியல் வைத்த மேடு பள்ளங்களைச் சமன்செய்ய 'இங்கிலீஷ் வீல்' என்ற கருவி இருக்கிறது. 'சி' வடிவச் சட்டத்தில் மேலே தட்டையான பெரிய சக்கரம், கீழே சற்றே உப்பிய சின்னச் சக்கரம். இரண்டுக்கும் நடுவே தகட்டை முன்னும் பின்னும் இழுக்க இழுக்க, அழுத்தம் பட்ட இடம் மெலிந்து பரவி, தகடு மெல்லக் குவிகிறது. மின்சாரம் தேவையில்லை, அழுத்தத்தின் அளவைக் கை சொல்லிவிடும். வடிவம் சரியா என்று பார்க்க, ஒட்டுப்பலகையை வரிசை வரிசையாக வெட்டி நிறுத்திய முழு அளவு மாதிரியின் மேல் தகட்டை வைத்துப் பார்ப்பார்கள். கடைசிச் சோதனை அரத்தால். அதைத் தகட்டின் மேல் பட்டும் படாமலும் இழுத்தால் மேடுகள் மட்டும் பளிச்சென்று தெரியும், பள்ளங்கள் மங்கலாக நிற்கும். நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் டாலியும் சுத்தியலும் பிடிப்பவர்களுக்கு இது தினசரி வேலை.

இந்தக் கைவேலையின் உச்சம் இத்தாலியின் மொடேனா. அங்கே செர்ஜியோ ஸ்காலியெட்டியின் பட்டறையில்தான் ஃபெராரியின் புகழ்பெற்ற பந்தயக் கார்களின் உடல்கள் அடிக்கப்பட்டன. விரிவான வரைபடத்தைவிடக் கண் அளவையும் கைப்பழக்கத்தையும் நம்பிய பட்டறை அது. 1962 முதல் 1964 வரை தயாரான ஃபெராரி 250 ஜி.டி.ஓ. கார்கள் மொத்தம் 36. கையால் அடித்தவை என்பதால் ஒன்றின் அளவு இன்னொன்றோடு அச்சு அசலாக ஒத்துப்போகாது. அவற்றில் ஒன்று 2018இல் கலிஃபோர்னியாவின் மான்டரே ஏலத்தில் 4.84 கோடி டாலருக்கு விற்றது. அன்றைய மதிப்பில் சுமார் 340 கோடி ரூபாய்.

தகர டப்பாவில் வார்த்த வேகம்

அடிப்பதைப் போலவே வார்ப்பதும் வீட்டில் நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் இன்வர்கார்கில் ஊரைச் சேர்ந்த பர்ட் மன்ரோ வைத்திருந்தது கார் அல்ல, 1920ஆம் ஆண்டின் இந்தியன் ஸ்கவுட் மோட்டார் சைக்கிள். வாங்கியபோது அதன் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். கையில் பணம் கிடையாது. பழைய தகர டப்பாக்களை அச்சாக வைத்துப் பாகங்களை வார்த்தார். பிஸ்டன், சிலிண்டர் பேரல், ஃப்ளைவீல் எல்லாம் சொந்தத் தயாரிப்பு. சக்கரக் கம்பி ஒன்றையே அளவுகோலாக மாற்றி மைக்ரோமீட்டருக்குப் பதில் பயன்படுத்தினார். ஓட்டத்தில் உடைந்து சிதறிய பாகங்களை வீசாமல் அலமாரியில் அடுக்கி, வேகத்தின் கடவுளுக்குக் காணிக்கை என்று எழுதிவைத்தார். எது ஏன் உடைந்தது என்ற பதிவேடு அந்த அலமாரியிலேயே இருந்தது. 1967இல், 68ஆவது வயதில், அமெரிக்காவின் பான்வில் உப்புவெளியில் மணிக்கு 184.087 மைல் வேகத்தில் தன் பிரிவின் சாதனையைப் படைத்தார். மணிக்கு 296 கிலோமீட்டர்!

அலுமினிய வார்ப்பில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. உருகிய உலோகம் ஆறும்போது 100 மில்லிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமாகச் சுருங்கும். ஆகவே அச்சைப் பெரிதாகச் செய்து, வார்த்த பிறகு லேத்தில் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும். பிஸ்டனுக்கு வேண்டிய சிலிக்கன் கலந்த உலோகம் பழைய பிஸ்டன்களிலேயே இருப்பதால் அவைதான் நல்ல மூலப்பொருள். அச்சிலோ கரண்டியிலோ ஈரம் இருந்தால் அது நொடியில் நீராவியாகி உருகிய உலோகத்தை முகத்தில் வாரியடிக்கும்.

கை வைக்கக் கூடாத இடங்கள்

கையால் செய்யலாம் என்பதற்காக எல்லாவற்றையும் செய்யக் கூடாது. அனுபவம் உள்ளவர்கள் இதில் கண்டிப்பாக இருக்கிறார்கள். ஸ்டீயரிங் கையைச் சுடவைத்து வளைப்பது, ஸ்டீயரிங் தண்டை வீட்டில் வெல்டிங் செய்வது, பிரேக் டிஸ்க்கைக் கடைந்து மெலிதாக்குவது எல்லாம் விபரீதம். பாடி வேலையில் கோட்டை விட்டால் பாகம் கழன்று விழும். ஸ்டீயரிங் முறிந்தால் எதிரே வருகிறவர் உயிருக்கும் ஆபத்து.

பட்டறைக்குள்ளும் ஆபத்து இருக்கிறது. துத்தநாகம் பூசிய குழாயைப் பூச்சு நீக்காமல் வெல்டிங் செய்தால் வரும் வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடம் காயும் முன் வெல்டிங் தொடங்கினால், ஆர்க்கின் வெப்பத்திலும் ஒளியிலும் ஃபாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உருவாகும். முதல் உலகப் போரில் ஆயுதமாகப் பயன்பட்டது அது.

வெல்டிங் சரியாகப் பிடித்ததா என்று பார்க்க மலிவான வழி உண்டு. டை பெனட்ரன்ட் என்னும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, சற்றுப் பொறுத்துத் துடைத்துவிட்டு, வெள்ளை டெவலப்பரைத் தெளித்தால் போதும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் சிவப்புக் கோடாக மேலே எழுந்துவரும். அந்தக் கோட்டைக் கண்ட பாகத்தை ஒட்டுப்போடாமல் புதிதாகச் செய்பவரே நம்பத்தக்க பட்டறைக்காரர்.

கோவையும் கரூரும்

இந்தக் கைத்திறன் தமிழ்நாட்டுக்குப் புதியதல்ல. கோவையின் ஜி.டி.நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பஸ்ஸோடு தொழில் தொடங்கியவர். 1952இல் இரண்டு பேர் அமரும் பெட்ரோல் காரை 2,000 ரூபாய் விலையில் உருவாக்கினார். தயாரிப்புக்கு அரசு உரிமம் கிடைக்காததால் அது மக்களிடம் போகவில்லை. பம்ப்செட்டுக்காக வளர்ந்த ஃபவுண்டரிகளும் லேத் பட்டறைகளும் நிறைந்த அதே நகரில், 1980களில் எஸ்.கரிவர்தன் பந்தயக் கார்களைக் கட்டினார். மாருதி 800இன் இன்ஜினைக் குழாய்ச் சட்டத்தில் பொருத்திய ஃபார்முலா மாருதி அவருடைய படைப்பு. 2005இல் ஃபார்முலா ஒன்றில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயன், தன் பந்தய வாழ்வைத் தொடங்கியது அந்த ஃபார்முலா மாருதியில்தான். 1995இல் விமான விபத்தில் இறந்த கரிவர்தனின் பெயரைத்தான் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே தாங்கியிருக்கிறது.

கரூரில் நடப்பது இன்னும் பெரிய அளவு. ஸ்டீயரிங்கும் இன்ஜினும் மட்டும் உள்ள மொட்டை சேஸிஸ் அங்கே வருகிறது, முழு பஸ்ஸாகத் திரும்பிப் போகிறது. குழாய் அறுப்பது, சட்டம் கட்டுவது, தகடு போர்த்துவது எல்லாம் பெரும்பாலும் கைவேலை. அதற்கு ஏ.ஐ.எஸ்.-052 என்ற பஸ் பாடி விதித்தொகுப்பு இருக்கிறது. கையால் கட்டிய வாகனத்துக்கும் தரநிலை வகுத்துச் சோதித்துச் சாலையில் விட முடியும் என்பதற்கு நம் நாட்டிலேயே உள்ள சான்று இது.

தனிமனிதர் கட்டும் காருக்கு மட்டும் இந்தக் கதவு திறக்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. இந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருக்கிறது. சேஸிஸை அறுத்து நீட்டி, ஒப்புக்கு வெல்டிங் வைத்த வண்டிகள் உயிர்களைப் பலி கேட்கும். புதிய வாகனங்களுக்கான ஒப்புதல் சோதனைகளோ ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் நிறுவனங்களை மனதில் வைத்து வகுத்தவை. ஒரே ஒரு காரை நேர்மையாகக் கட்டுகிறவர் எங்கே போய்ச் சோதனை கேட்பார்?

இங்கிலாந்து இதற்கு 1998இலேயே ஒரு வழி கண்டது. ஒற்றை வாகன ஒப்புதல் என்று தொடங்கிய திட்டம், 2009 முதல் தனி வாகன ஒப்புதல் என்ற பெயரில் நடக்கிறது. அரசு ஆய்வாளர் காரை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பார். பிரேக், விளக்கு, கண்ணாடி, சீட் பெல்ட் பிடிமானம், புகை எல்லாம் சோதனைக்கு உண்டு. பாதசாரிமேல் படக்கூடிய வெளி விளிம்புகள் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுவரை விதி இருக்கிறது. தேறாத காரைத் திருத்தி மறுபடி கொண்டுவரலாம். எத்தனை பேர் கட்டினாலும் சாலைக்கு வருவது சோதனையைக் கடந்த கார் மட்டுமே.

நம் மாணவர்கள் இதற்கு ஏற்கெனவே பழகியிருக்கிறார்கள். கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடந்துவரும் ஃபார்முலா பாரத் போட்டிக்கு, நாடெங்கும் உள்ள பொறியியல் கல்லூரி அணிகள் தாங்களே கட்டிய கார்களைக் கொண்டுவருகின்றன. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவுக்கு, விதி சொல்லும் அளவுக்குக் குறையாத இரும்புக் குழாய் வேண்டும். காரை 60 டிகிரி சாய்த்து ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்ப்பார்கள். பிரேக் பிடித்தால் நான்கு சக்கரமும் பூட்டிக்கொள்ள வேண்டும். தேறாத கார் பந்தயப் பாதையில் இறங்காது. வெல்டிங்கில் குறை கண்டுபிடிக்கப்பட்டு, இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்து மறுநாள் தேறும் மாணவருக்குக் கிடைக்கும் படிப்பை எந்த வகுப்பறையும் கொடுக்க முடியாது.

அந்த மாணவர் படிப்பு முடித்து வீட்டில் ஒரு கார் கட்ட விரும்பினால் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. சென்னைக்கு அருகே ஒரகடத்தில் வாகனச் சோதனை மையம் இருக்கிறது. பிரேக்கையும் புகையையும் சோதிக்கும் வசதியும் ஆட்களும் அங்கே உண்டு. தனியார் ஒருவர் தன் பயன்பாட்டுக்காகக் கட்டும் ஒற்றைக் காருக்கென்று ஒரு சோதனைப் பட்டியலையும் நியாயமான கட்டணத்தையும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அறிவிக்க வேண்டும். வேலை நடக்கும்போதே படிப்படியாக எடுத்த புகைப்படங்களையும் வாங்கிய பொருட்களின் ரசீதுகளையும் கேட்டு வாங்கட்டும். ஸ்டீயரிங், பிரேக் பாகங்கள் அங்கீகாரம் பெற்ற தயாரிப்பாக மட்டுமே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைக்கட்டும். ஆண்டுக்கு இத்தனை கார்கள்தான் என்று வரம்பும் போடட்டும். முதல் ஆண்டில் நூறு கார்களுக்கு அனுமதி கொடுத்துப் பார்ப்பதில் அரசுக்குப் பெரிய செலவு எதுவும் இல்லை.